உலக ஃப்ளூ வரைபடத்தை வாசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவகால இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) எந்த நாட்டில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை உலக சுகாதார அமைப்பின் 'ஃப்ளூநெட்' தரவுத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். 1997 முதல் அது இணையத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்ததுமே "அங்கே அதிகம், இங்கே கம்மி" என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்வதற்கு முன் அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு எண்ணைப் பார்த்தால் 'எத்தனை பேரைச் சோதித்து?' என்று கேட்கும் பழக்கம் இருந்தால், கீழே உள்ளதில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும்.

இதை நடத்துவது யார்?

ஃப்ளூநெட்டுக்குத் தரவு தருவது, உலக சுகாதார அமைப்பு 1952-ல் தொடங்கிய ஆய்வக வலைப்பின்னல். 2011 முதல் 'உலகளாவிய இன்ஃப்ளூயன்சா கண்காணிப்பு மற்றும் எதிர்வினை அமைப்பு' என்ற பெயரில் இயங்குகிறது. 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 தேசிய இன்ஃப்ளூயன்சா மையங்கள் இதில் உள்ளன. இந்தியாவுக்குப் புணேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம், இலங்கைக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். மருத்துவமனைகள் மாதிரி எடுத்து அனுப்புகின்றன. தேசிய மையம் சோதித்து வாரந்தோறும் எண்ணிக்கையை ஏற்றுகிறது, சில வைரஸ்களைப் பொறுக்கி மேலிடத்துக்கு அனுப்புகிறது. மேலிடம் என்பது அட்லாண்டா, லண்டன், மெல்பர்ன், டோக்கியோ, பெய்ஜிங் ஆகிய நகரங்களில் உள்ள ஒத்துழைப்பு மையங்கள். விலங்குகளிடம் உள்ள இன்ஃப்ளூயன்சாவுக்கென்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தனியாக ஒன்று உண்டு.

காய்ச்சல் என்று வருகிற எல்லோரையும் எண்ணுகிறார்களா?

இல்லை. எண்ணவும் முடியாது. தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில், வரையறைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். இதற்குச் சென்டினல் கண்காணிப்பு என்று பெயர். வெளிநோயாளிக்கான உலக சுகாதார அமைப்பின் வரையறை: அளந்து பார்த்த காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், கூடவே இருமல், தொடங்கி 10 நாட்களுக்குள். இதுவே 'ஃப்ளூ போன்ற நோய்'. உள்நோயாளிக்கு 'கடும் சுவாசத் தொற்று' என்ற வரையறை. அதில் காய்ச்சல் இருந்ததாக நோயாளி சொன்னாலே போதும், அளந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வரையறை கொஞ்சம் தளர்வானது: 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ், அதோடு இருமல் அல்லது தொண்டை வலி. ஆகவே அமெரிக்காவின் 'ஃப்ளூ போன்ற நோய்' சதவீதத்தை வேறொரு நாட்டின் சதவீதத்துக்கு அருகில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் பொருளில்லை. இரண்டு வரையறைகளுமே ஒரு கூட்டத்தைத் தவறவிடுகின்றன. கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஃப்ளூ காய்ச்சலே இல்லாமல் வரலாம்.

மாதிரி எடுப்பதில் என்ன பிசகும்?

நிறைய. நெகட்டிவ் என்று வருகிற முடிவுகளில் ஒரு பகுதி, ஆய்வகத்துக்குப் போகும் முன்பே கெட்டுப்போன மாதிரிகள்தான்.

நோய் தொடங்கிய முதல் 3, 4 நாட்களில்தான் வைரஸ் நன்றாகக் கிடைக்கும். ஏழாம் நாள் எடுத்தால் பெரியவர்களிடம் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. ஸ்வாப் குச்சியின் நுனி பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையாகவும், காம்பு பிளாஸ்டிக்காகவும் இருக்க வேண்டும். மரக்காம்பும் கால்சியம் ஆல்ஜினேட் நுனியும், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். எடுத்த ஸ்வாபை 2 முதல் 3 மில்லி வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அதற்குமேல் தாமதமானால் மைனஸ் 70-ல் உறைய வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியிலோ மைனஸ் 20-லோ போட்டு எடுத்தால், பிசிஆரில் ஏதாவது தெரியலாம். வைரஸை வளர்க்க அது உதவாது.

இதைவிட மறைவான பிசகு நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. 'இன்று வந்தவர்களில் வரையறைக்குப் பொருந்தும் முதல் மூன்று பேர்' என்பதுபோல் விதி வைத்துக்கொண்டு எடுத்தால்தான் விகிதம் நம்பத்தக்கது. 'பார்த்தால் ஃப்ளூ மாதிரி இருக்கிறதே' என்று மருத்துவர் கைகாட்டுகிறவர்களை மட்டும் எடுத்தால், பாசிட்டிவ் விகிதம் ஏறுவது மருத்துவரின் கைராசியால்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

முதலில் மனித மரபணு ஒன்றைத் தேடுகிறார்கள், பெரும்பாலும் ஆர்என்ஏஸ் பி. அது தெரியவில்லை என்றால் ஸ்வாபில் செல்லே இல்லை. அந்த மாதிரியை நெகட்டிவ் என்று எழுதக்கூடாது, 'செல்லாது' என்றுதான் எழுத வேண்டும். பிறகு ஏ வகை வைரஸ்களுக்குப் பொதுவான எம் மரபணுவை வைத்து ஏ வகையா என்று பார்த்து, எச்1, எச்3 என்று துணைவகை பிரிக்கிறார்கள். பி வகையென்றால் விக்டோரியா வரிசையா, யாமகடா வரிசையா என்று பார்க்கிறார்கள். வைரஸ் செறிவாக உள்ள மாதிரிகள், அதாவது சிடி மதிப்பு (வைரஸ் தெரிய எத்தனை சுற்றுப் பெருக்கல் ஆயிற்று என்ற எண்) 30-க்குக் கீழ் வருபவை, வளர்ப்புக்கும் மரபணு வரிசைப்படுத்தலுக்கும் போகும். அந்த மரபணு வரிசைகளை 2008-ல் தொடங்கிய ஜிஐஎஸ்ஏஐடி தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள்.

ஒரு நாடு பூஜ்யம் காட்டினால் அங்கே ஃப்ளூ இல்லை என்று பொருளா?

பூஜ்யமா, வெற்றிடமா என்று முதலில் பாருங்கள். வெற்றிடம் என்றால் அந்த வாரம் எதுவும் ஏற்றப்படவில்லை. பூஜ்யம் என்றால் பக்கத்தில் உள்ள 'சோதித்த மாதிரிகள்' பத்தியை (நெடுவரிசையை) பார்க்க வேண்டும். 4 பேரைச் சோதித்துக் கிடைத்த பூஜ்யமும் 4,000 பேரைச் சோதித்துக் கிடைத்த பூஜ்யமும் ஒன்றல்ல.

உண்மையான பூஜ்யத்துக்கு அருகில் வந்த காலம் கோவிட் நாட்கள். 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து 2021 மே வரை அமெரிக்க மருத்துவ ஆய்வகங்கள் 8,18,939 மாதிரிகளை ஃப்ளூவுக்காகச் சோதித்தன. பாசிட்டிவ் 1,675 மட்டுமே, அதாவது 0.2 சதவீதம். 'யாரும் சோதிக்கவில்லை, அதனால் தெரியவில்லை' என்ற வாதம் இங்கே எடுபடாது. முகக்கவசமும் ஊரடங்கும் பயணத் தடையும் சேர்ந்து ஃப்ளூவை உண்மையிலேயே அமுக்கியிருந்தன.

பாசிட்டிவ் விகிதத்தை எப்படிப் பார்ப்பது?

10 மாதிரியில் 3 பாசிட்டிவ் என்றாலும் 30 சதவீதம், 200-ல் 60 என்றாலும் 30 சதவீதம். ஆனால் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, முதலாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 65 வரை நீள்கிறது, இரண்டாவதற்கு 24 முதல் 37 வரை. முதலாவதை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதக்கூடாது.

விகிதம் மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். பண்டிகை வாரத்தில் லேசான நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதில்லை, முடியாதவர்கள்தான் வருகிறார்கள். பகுதி, அதாவது வகுக்கும் எண், சுருங்குவதால் விகிதம் வீங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. மருத்துவமனைக்கு வந்தோரில் ஃப்ளூ போன்ற நோய் உள்ளோரின் சதவீதத்தை பாசிட்டிவ் விகிதத்தோடு பெருக்குங்கள். வந்தோரில் 4 சதவீதம் பேருக்கு ஃப்ளூ போன்ற நோய், அவர்களில் 25 சதவீதம் பாசிட்டிவ் என்றால் 1 சதவீதம். இந்தப் பெருக்கல் கோடு தனித்தனிக் கோடுகளைவிடப் பரவலின் ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் உடனடிச் சோதனை முடிவுகளைச் சேர்க்கலாமா?

ஆன்டிஜென் வகை (வைரஸின் புரதத்தைத் தேடும்) உடனடிச் சோதனைகளில் பல, உண்மையான ஃப்ளூ நோயாளிகளில் 50 முதல் 70 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடிக்கின்றன. பருவம் இல்லாத நேரத்தில் சிக்கல் வேறு மாதிரி. கண்டறியும் திறன் 60 சதவீதம், ஃப்ளூ இல்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 20 பேருக்குத்தான் ஃப்ளூ. சோதனை அவர்களில் 12 பேரைக் காட்டும், மீதி 980 பேரில் 49 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். ஆக, 61 பாசிட்டிவில் 12தான் நிஜம். அதே கருவி, 1,000-ல் 300 பேருக்கு ஃப்ளூ இருக்கும் உச்ச வாரத்தில், 215 பாசிட்டிவில் 180-ஐச் சரியாகச் சொல்லும். கோடையில் வரும் 'திடீர் ஃப்ளூ' செய்திகளில் சில இப்படிப் பிறந்தவை. கண்காணிப்புக்குப் பிசிஆரையே நம்புங்கள்.

'ஏ வகை, துணைவகை அறியப்படவில்லை' என்று பெரிய பட்டை தெரிகிறதே, புது வைரஸா?

பெரும்பாலும் இல்லை. ஏ வகை என்று கண்டதோடு ஆய்வகம் நிறுத்திக்கொண்டது என்றுதான் பொருள். வினைப்பொருள் தீர்ந்திருக்கும், ஆள் இருந்திருக்க மாட்டார்கள், அல்லது மருத்துவமனையின் கருவி ஏ, பி என்று மட்டும் பிரிப்பதாக இருக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று: துணைவகை பிரிக்க முயன்றும் பிரியாதது. எம் மரபணு பலமாகத் தெரிகிறது, எச்1-ம் இல்லை, எச்3-ம் இல்லை என்றால் அது பறவை அல்லது பன்றியிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த மாதிரி உடனே ஒத்துழைப்பு மையத்துக்குப் போக வேண்டும். மனிதரிடம் புதிய துணைவகை உறுதியானால், 2005-ன் சர்வதேச சுகாதார விதிகளின்படி நாடு 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வகையான எச்5 மனிதருக்கு வந்தால் அதுவும் இந்த விதிக்குள் அடங்கும்.

வார எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

உலக சுகாதார அமைப்பின் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். அமெரிக்காவின் வாரம் ஞாயிறு முதல் சனி வரை. ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டால் ஆண்டு முடிவில் மாட்டிக்கொள்வீர்கள். 2025 டிசம்பர் 28 முதல் 2026 ஜனவரி 3 வரையிலான வாரம் அமெரிக்கக் கணக்கில் 2025-ன் 53-ஆம் வாரம். உலக சுகாதார அமைப்பின் கணக்கிலோ டிசம்பர் 29-லேயே 2026-ன் முதல் வாரம் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு 53 வாரம் உள்ள ஆண்டு 2026. வார எண்ணை வைத்து இரண்டு கோப்புகளை இணைக்காதீர்கள், வாரம் தொடங்கும் தேதியை வைத்து இணையுங்கள்.

'ஃப்ளூ பருவம் தொடங்கிவிட்டது' என்று எதை வைத்து அறிவிக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் சென்டினல் மாதிரிகளில் 10 சதவீதம் பாசிட்டிவ் என்பதை எல்லையாக வைக்கிறார்கள். ஜப்பானில் ஒரு சென்டினல் மருத்துவமனைக்கு வாரத்துக்குச் சராசரியாக 1 நோயாளி வந்தால் பருவம் தொடக்கம், 10 என்றால் முன்னறிவிப்பு, 30 என்றால் எச்சரிக்கை. இவ்வளவு எளிமையாக, பொதுமக்களுக்கும் புரியும்படி வேறு நாடுகளில் அரிதாகத்தான் இருக்கும்.

சொந்தத் தரவிலிருந்து எல்லையைக் கணக்கிடும் முறையும் உண்டு. கடந்த 5 முதல் 10 பருவங்களின் வாரக் கணக்கை எடுத்து, பருவத்துக்கு முந்தைய வாரங்களில் மிக உயர்ந்தவற்றைக் கொண்டு எல்லை போடுகிறார்கள். 2009 பெருந்தொற்றையும் 2020–21-ஐயும் விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லை கன்னாபின்னாவென்று நகரும். குளிர்காலம் தெளிவாக உள்ள நாடுகளில் இது நன்றாக வேலை செய்யும். ஆண்டு முழுக்க ஃப்ளூ லேசாக எரிந்துகொண்டே இருக்கும் வெப்ப மண்டலத்தில் தடுமாறும்.

தமிழ்நாட்டில் ஃப்ளூ பருவம் எப்போது?

இந்தியா முழுமைக்கும் ஒரே கோடு போட்டால் இதற்கு விடை கிடைக்காது. ஸ்ரீநகரில் உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, நாக்பூர், கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பர் வாக்கில். நம் ஊரில் ஐப்பசி மழையோடு இருமலும் வரும் என்பது தரவிலும் தெரிகிறது. இலங்கையில் ஆண்டுக்கு இரண்டு ஏற்றங்கள் உண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை ஒன்று.

உலக வரைபடத்தில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் எல்லாம் 'தெற்காசியா' என்ற ஒரே பரவல் மண்டலத்தில் அடைபட்டிருக்கின்றன. அந்த மண்டலத்தின் சராசரிக் கோட்டை வைத்துச் சென்னைக்கு முடிவெடுக்காதீர்கள். மாநில அளவுத் தரவைத் தேடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது ஆறு மாதம் கழித்து வடக்கே நடக்கும் என்கிறார்களே?

சில ஆண்டு நடக்கும், சில ஆண்டு நடக்காது. 2017-ல் ஆஸ்திரேலியாவை எச்3என்2 வாட்டியது. அடுத்து வந்த 2017–18 குளிர்காலத்தில் அமெரிக்காவையும் அதே எச்3என்2 கடுமையாகத் தாக்கியது. ஜோசியம் பலித்தது என்றார்கள். ஆனால் அதே குளிர்காலத்தில் ஐரோப்பாவில் முன்னணியில் இருந்தது பி யாமகடா. வைரஸ் வகை மட்டுமல்ல, அந்த மக்களுக்கு முன்பு எது வந்துபோயிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

இறப்பு எண்ணிக்கையை நம்பலாமா?

உலகில் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் ஃப்ளூ தொடர்பான சுவாச நோயால் இறக்கிறார்கள் என்ற எண் எங்கும் காணப்படும். அது எண்ணிக் கிடைத்ததல்ல, கணித முறையில் போட்ட மதிப்பீடு. பெரும்பாலான ஃப்ளூ இறப்புகளில் சோதனையே நடந்திருக்காது. சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோதான் இருக்கும். அதனால் குளிர்காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2015-ல் இந்தியாவில் எச்1என்1 உறுதியானவர்கள் 42,592 பேர், இறந்தவர்கள் 2,990. வகுத்தால் 7 சதவீதம். பன்றிக் காய்ச்சல் வந்தால் நூற்றில் ஏழு பேர் இறப்பார்கள் என்று பீதி கிளப்பியவர்கள் வகுத்தல் கணக்கில் தவறவில்லை, பகுதியில் தவறினார்கள். அன்றைய அரசு வழிகாட்டுதலில் நோயாளிகள் ஏ, பி, சி என மூன்று பிரிவு. லேசான ஏ, பி பிரிவினருக்குச் சோதனை தேவையில்லை, மருத்துவமனையில் சேரவேண்டிய சி பிரிவினருக்குத்தான் சோதனை. ஆக, அந்த 42,592 பேர் பெரும்பாலும் கடும் நோயாளிகள். வீட்டிலேயே படுத்துத் தேறியவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

கூகுள் தேடலை வைத்துக் கணிக்க முடியாதா?

முயன்றார்கள். 2008-ல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012–13 பருவத்தில் அமெரிக்க அரசின் கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. 2015-ல் அதை நிறுத்திவிட்டார்கள். செய்தியில் ஃப்ளூ என்று அடிபட்டால் நலமாக இருப்பவரும் தேடுவார். கழிவுநீரில் வைரஸை அளப்பது இதைவிட உறுதியானது, யாரும் மருத்துவமனைக்கு வரவேண்டியதில்லை. ஆனால் எத்தனை பேருக்கு நோய் என்று அது சொல்லாது.

பி யாமகடா எங்கே போயிற்று?

2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் பி யாமகடா உறுதிப்படுத்தப்படவில்லை. எப்போதாவது ஒரு நாட்டின் தரவில் அதற்கு நேரே 1 என்று தெரியும். மூக்கில் செலுத்தும் உயிருள்ள தடுப்பூசியின் வைரஸாகவோ தட்டச்சுப் பிழையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 2023 செப்டம்பரில், தடுப்பூசியில் இது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொன்னது. நான்கு வைரஸ்களுக்கான (நான்கு கூறு) ஊசி மூன்று கூறுக்குத் திரும்பிய கதை இதுதான்.

இந்தத் தரவு தடுப்பூசிக்கு எப்படிப் போகிறது?

ஆண்டுக்கு இரண்டு கூட்டம். வட கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் கோளத்துக்குச் செப்டம்பரில். தயாரிக்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும் என்பதால் இவ்வளவு முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்வான வைரஸின் பெயரிலேயே அதன் ஊர் இருக்கும். 'ஏ/டார்வின்/6/2021' என்றால் ஏ வகை, டார்வினில் எடுத்தது, ஆய்வக எண் 6, ஆண்டு 2021. மனிதரல்லாத உயிரியிடம் எடுத்திருந்தால் வகைக்கும் ஊருக்கும் நடுவே அந்த உயிரியின் பெயர் வரும். பெயரில் உள்ள ஊர் மாதிரி எடுத்த இடம், அவ்வளவுதான். அங்கேதான் வைரஸ் தோன்றியது என்று பழிபோட முடியாது.

நானே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

ஃப்ளூநெட்டில் நாட்டைத் தேர்ந்து, குறைந்தது ஐந்தாண்டுத் தரவைச் சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். திறந்ததும் முதலில் மாதிரியின் மூலத்தைச் சொல்லும் பத்தியைப் பாருங்கள். ஒரே நாட்டுக்கு ஒரே வாரத்தில் சென்டினல், சென்டினல் அல்லாதது, வகைப்படுத்தாதது என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்தே ஆகவேண்டும் என்றால் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பிறகு விகிதம் காணுங்கள், விகிதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். வெற்றுக் கட்டங்களை விரிதாள் மென்பொருள் பூஜ்யமாக நினைத்துக்கொள்ளக்கூடும். அவற்றை 'தரவு இல்லை' என்று குறித்துக்கொண்டு கோட்டை அங்கே துண்டியுங்கள்.

சோதித்த மாதிரி 20-க்குக் கீழ் உள்ள வாரங்களில் விகிதம் போடாமல் விடுவது நல்லது. இந்த 20 விதியல்ல, நடைமுறைக்கு ஒத்துவரும் எல்லை. சோதித்த மாதிரிகளைப் பின்னணியில் பட்டையாகவும், விகிதத்தை மேலே கோடாகவும் வரையுங்கள். கோடு ஏறும்போது பட்டை சுருங்கினால் சந்தேகப்படுங்கள்.

கடைசி இரண்டு வாரப் புள்ளிகளைப் புள்ளிக்கோடாக விடுங்கள். பிந்தி வரும் முடிவுகள் பழைய வாரங்களில்தான் சேரும். அதனால் எந்தத் தேதியில் இறக்கினாலும் கடைசிப் பட்டைகள் குட்டையாகத் தெரியலாம், அடுத்த வாரம் பார்த்தால் அதே பட்டைகள் வளர்ந்திருக்கும், கோட்டின் நுனியும் மாறியிருக்கலாம். தரவை இறக்கிய தேதியைப் படத்தின் அடியில் எழுதிவையுங்கள்.